மூத்தவள் பேரில் இளையவள் ரத்தம்

மூத்தவளுக்கு உலகத்தில் இரண்டே இரண்டு விஷயங்களிடம்தான் பயம். ஒன்று, அவள் வேலை பார்க்கும் கிடங்கின் மேலாளர். இன்னொன்று, சர்க்கரை. தனித்தனியாக வந்தால் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடுவாள். இரண்டும் சேர்ந்து ஒரே கடிதத்தில் வந்தபோதுதான் அவளுக்குப் புத்தி கோணல்மாணலாக வேலை செய்யத் தொடங்கியது.

கிடங்கு பெரிய கிடங்கு. தரை ஓடு, கழுவு தொட்டி, குழாய், கண்ணாடி என்று ஒரு குளியலறைக்கு வேண்டிய சகலமும் பெட்டி பெட்டியாக ஆறு அடுக்குக்கு ஏறி நிற்கும். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள் மூத்தவள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கி மேலே வைக்குமே, அந்த வண்டி. பதினோரு வருஷமாக அதுதான் அவளுடைய சிம்மாசனம். "வாடா ராசா, அப்படியே பின்னால வா, இடிச்சிடாத" என்று அதோடு பேசிக்கொண்டே ஒரு விரல் இடைவெளியில் நுழைந்து வெளியே வருவாள். அங்கே ஆண் ஓட்டுநர்கள் பதினைந்து பேர் உண்டு. ஒருத்தனுக்கும் அந்தக் கை வராது. மேலாளரே இதைச் சொல்வார், ஆனால் அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருஷம் ஒரு முறை உடம்புப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூறைத் தாண்டினால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆறாவது அடுக்கில் கழுவு தொட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் கீழே நிற்கிறவன் கதி என்ன என்பது கம்பெனியின் கேள்வி. நியாயமான கேள்விதான், அதனாலேயே மூத்தவளுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சாவி போனால் லேபிள் மேஜை. நாள் பூராவும் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டும். அங்கே பசை மேஸ்திரி என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய கடைவாய்ப் பல்லை எட்டு வருஷத்துக்கு முன்னால் பிடுங்கினார்களாம். அந்தக் கதையைத் தினமும் காலையில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி, மறுபடி விட்ட இடத்தில் தொடங்குவார். அந்த மேஜைக்குப் போவதற்குப் பதிலாக ஓடு ஏற்றி வரும் லாரியின் அடியில் படுத்துக்கொள்ளலாம் என்பது மூத்தவளின் எண்ணம்.

போன வருஷம் நூற்றெண்பத்தாறு. "அடுத்த வருஷம் ஜாக்கிரதை" என்று எச்சரித்து அனுப்பினார்கள். அவளும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். வண்டி இருக்கைக்கு அடியில் உள்ள கருவிப் பெட்டியில், ஸ்பேனருக்குக் கீழே, யார் கண்ணிலும் படாதபடி பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்து வைத்தாள். நாலு மணித் தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடும்போது முதுகைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதை அலமாரியின் அடித்தட்டில், பழைய திரைச்சீலைகளுக்குக் கீழே புதைத்து வைத்திருந்தாள். பார்த்தால்தானே தெரியும், தெரிந்தால்தானே பயம்!

இப்போது கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை, வெறும் வயிறு, அடையாள அட்டையோடு கிளினிக்குக்கு வரவும்.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே வீடு. மாடியில் அண்ணன் மனைவியான மூத்தவள். கீழே தம்பி மனைவியான இளையவள். அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்துக் கட்டினால்கூட ஒரு தீப்பெட்டியைத் தேடி எடுக்கத் துப்பில்லை, ஆகையால் இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை கிடையாது. சமையலறை இரண்டு. குளியலறை ஒன்றே ஒன்று. ஊருக்கெல்லாம் குளியலறை ஏற்றி அனுப்புகிறவள் வீட்டில் ஒன்றே ஒன்று!

அந்த ஒன்றுக்குத்தான் சண்டை. இளையவள் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள், ஆள் ஈர்க்குச்சி. ஒரு வருஷமாக அவள் குளியலறையே கதி என்று கிடந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள், போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், வெளியே வந்து மறுபடி ஒரு சொம்பு குடிப்பாள். தன்னை வெறுப்பேற்றுவதற்கென்றே இதைச் செய்கிறாள் என்பது மூத்தவளின் முடிவு. போதாக்குறைக்கு, "நான் எதையுமே குறைக்கலக்கா, தானா இளைச்சிக்கிட்டே போகுது" என்று இளையவள் இடுப்பைப் பிடித்துக் காட்டுவாள். எண்பத்தொரு கிலோ மூத்தவளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதே ஈர்க்குச்சியைப் பார்த்தபோது மூத்தவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. இவள் உடம்பில் சர்க்கரை எங்கே ஒளிந்துகொள்ள முடியும்?

"ஒரு உதவி பண்ணுடி. என் அட்டைய எடுத்துக்கிட்டுப் போயி, என் பேர்ல கையக் காட்டிட்டு வா. ரெண்டே சொட்டு ரத்தம். கொசு குடிக்கிறத விடக் கம்மி."

"ஐயோ, மாட்டிக்கிட்டா?"

"இந்த போட்டோவப் பாரு. இது நானா, எங்க மேலாளரான்னு எனக்கே சந்தேகம்."

இளையவள் வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். பதினோரு வருஷ வியர்வையில் அந்த முகம் கரைந்து, இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் உள்ள எவருக்கும் பொருந்துகிற மாதிரி ஆகியிருந்தது.

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"என்ன வேணும், கேளு."

"காலைல பாத்ரூம் முதல்ல எனக்கு. ஒரு வருஷம். கதவத் தட்டக் கூடாது. 'உள்ள என்ன முட்டை வைக்கிறியா'ன்னு கேக்கக் கூடாது."

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையடித்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் முழுக்கப் பயிற்சி நடந்தது. வயது ஐம்பத்துநாலு என்று சொல்ல வேண்டும், நாற்பத்தெட்டு என்று உளறக் கூடாது. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். நடை தரை அதிர இருக்க வேண்டும். "குரல உயர்த்துடி, நான் பேசினா பக்கத்துத் தெரு திரும்பிப் பாக்கும்" என்று மூத்தவள் கத்திக் காட்ட, இளையவள் திருப்பிக் கத்த, என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார்.

திங்கட்கிழமை மதியம் இளையவள் திரும்பி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! கைப்பையைத் தூக்கி எறிந்தாள்.

"ரெண்டு சொட்டு ரத்தம்னீங்க!"

"ஏன், மூணு எடுத்துட்டாங்களா?"

"எடை பாத்தாங்க. போன வருஷம் எண்பத்தொண்ணு, இப்ப நாப்பத்தாறு. 'முப்பத்தஞ்சு கிலோ குறைச்சிருக்கீங்களே!'ன்னு நர்ஸ் கை தட்டினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே வந்தேன். அப்பதான் சொல்றாங்க, உங்க கம்பெனில சர்க்கரை இருக்கற பொம்பளைங்களுக்கு இந்த வருஷம் மார்புக்கும் படம் எடுக்கணுமாம்!"

"அது எதுக்கு?"

"சர்க்கரை இருந்தா மார்புல கேன்சர் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடவாம். ஆனா அந்தப் பொம்பளைங்க சர்க்கரை சர்க்கரைன்னு அதே கவலையில இத எட்டிக்கூடப் பாக்கறதில்லையாம். வேணாம்னு சொன்னா சந்தேகம் வருமேன்னு போயி நின்னேன்கா. கண்ணாடித் தட்டு மாதிரி ரெண்டு தட்டு. நடுவுல வச்சு ஒரு அமுக்கு! கதவிடுக்குல மாட்டின மாதிரி ஆயிடுச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு!"

மூத்தவள் சிரித்தாள் பாருங்கள், படியில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "எனக்கு விழ வேண்டிய அமுக்கா அது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இளையவள் அவளை முறைத்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டாள்.

புதன்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மூத்தவள் நிமிர்ந்த நடையோடு போனாள். அவர் கையை நீட்டினார்.

"எதுக்கு சார்?"

"சாவி."

"என்ன சார் இது, எனக்குச் சர்க்கரை…"

"இருநூத்தி அறுபத்தெட்டு."

அது என் ரத்தம் இல்லை சார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை முழுங்கினாள். முழுங்கிய வேகத்தில் விக்கல் வந்தது. விக்கிக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டு, விக்கிக்கொண்டே லேபிள் மேஜைக்குப் போனாள். பசை மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா. என் கடைவாய்ப் பல்லு இருக்கே…" என்று தொடங்கினார்.

சாயங்காலம் வீடு இரண்டுபட்டது.

"என்னடி தின்னுட்டுப் போன? உண்மையச் சொல்லு!"

"ஒண்ணும் தின்னலக்கா! தண்ணி மட்டும்தான் குடிச்சேன், நாலு சொம்பு."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

"உங்க மெஷின் இருக்கே, எடுங்க பாக்கலாம்!"

மறுநாள் விடிந்ததும், பழைய திரைச்சீலைகளுக்குக் கீழேயிருந்து மெஷினைத் தோண்டி எடுத்தார்கள். இளையவள் விரலில் குத்திப் பார்த்தால் இருநூற்றைம்பத்தொன்பது. "பழைய மெஷின், மூள குழம்பியிருக்கும்" என்று மூத்தவள் தன் விரலில் குத்திக்கொண்டாள். நூற்றெழுபத்திரண்டு.

மூத்தவள் அந்த எண்ணை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். அவளே போயிருந்தால் சாவி இன்னும் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்! பதினோரு வருஷச் சிம்மாசனத்தை, இல்லாத பயத்துக்குப் பயந்து, இரவல் ரத்தம் கொடுத்து, தன் கையாலேயே தொலைத்திருக்கிறாள். இப்படி ஒரு மடச்சியை நான் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை.

அடித்த கை தலையிலேயே நின்றது. சொம்பு சொம்பாகத் தண்ணீர். எந்நேரமும் குளியலறை. தானாக இளைக்கிற உடம்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தனக்கு இதே கதைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் ஒரு வருஷமாகக் கதவைத் தட்டித் திட்டியது ஒரு நோயாளியை.

"உனக்குச் சர்க்கரைடி."

"போங்கக்கா, எனக்கா? நான் ஈர்க்குச்சி!"

"ஈர்க்குச்சிக்கும் வரும் போல. அடுத்த வாரம் உன் பேர்ல டாக்டரப் பாக்கறோம்."

அடுத்த வாரம் வரைக்கும் விஷயம் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை, லேபிள் மேஜையில், பசை மேஸ்திரியின் பல்லை மருத்துவர் குறடால் பிடித்திருந்த கட்டத்தில், மூத்தவளின் கைப்பேசி அடித்தது. கிளினிக் நர்ஸ்.

"படத்துல இடது பக்கம் ஒரு இடம் சரியாத் தெரியலம்மா. இன்னொரு படம் எடுக்கணும். தேவைப்பட்டா ஊசியால கொஞ்சம் தசை எடுத்துப் பாக்கணும். திங்கட்கிழமை வந்துடுங்க. பயப்படாதீங்க, ஆனா தள்ளிப் போடாதீங்க."

மூத்தவளின் கை தானாக இடது மார்புக்குப் போனது. பிறகு நினைவு வந்தது. படம் என்னுடையது இல்லையே! அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். நல்ல வேளை, நான் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த நொடியில் அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவள் இல்லை என்றால் யார்? கையில் இருந்த லேபிளைப் பெட்டியில் ஒட்டுவதாக நினைத்துத் தன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டாள். "உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்" என்று அதில் போட்டிருந்தது. பசை மேஸ்திரி முதல் முறையாகக் கதையை நிறுத்தினார். "ஏம்மா அழறீங்க? அந்தப் பல்லுதான் வெளிய வந்துடுச்சே!" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இளையவள் குளியலறையில் இருந்தாள். மூத்தவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒப்பந்தம்க்கா, ஒப்பந்தம்! தட்டக் கூடாது!"

"தட்ட வரலடி. நீ மெதுவா வா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கதவு உடனே திறந்தது. இளையவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். மூத்தவள் ஒன்றையும் மறைக்காமல், நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னாள். இளையவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"உங்க பேர்லதானே வந்திருக்கு?"

"பேரு என்னோடது. படம் உன்னோடது."

"அப்ப மறுபடியும் நீங்களா நானே போறேன்கா. வைத்தியமும் அப்படியே பண்ணிக்கலாம். நீங்க போயி உண்மையச் சொன்னா உங்க வேல போயிடும். அந்த வண்டி இல்லாம நீங்க என்ன ஆவீங்க?"

கேட்டீர்களா? நெஞ்சில் குண்டைத் தூக்கிப் போட்ட நேரத்தில் இவள் மூத்தவளின் வண்டியை நினைத்துக்கொண்டிருக்கிறாள். 'சரி' என்று சொல்ல மூத்தவளின் வாய் திறந்ததையும் நான் மறைக்கக் கூடாது. திறக்கத்தான் செய்தது. இடுப்பில் சாவி தொங்குகிற கனம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"அந்த ஃபைல்ல என் வயசு, என் மாத்திரை, எனக்கு ஒத்துக்காத ஊசி எல்லாம் எழுதியிருக்கு. அதப் பாத்துட்டு எதையாவது உனக்குக் குத்திட்டா? வண்டி போனா போகட்டும், சனியன். நாளைக்கே போறோம். நீ நீயா வர்ற, நான் நானா வர்றேன்."

கிளினிக் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு மேஜை முழுக்க அதைத் தேடுகிற ரகம். இரண்டு பேர் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்குப் பாக்கணும்?"

"எனக்குத்தான் டாக்டர், ஆனா இவளுக்கு" என்றாள் மூத்தவள். பிறகு மூச்சு விடாமல், கடிதம், அட்டை, குளியலறை ஒப்பந்தம், பிஸ்கட் பொட்டலம், ஸ்பேனர் வரைக்கும் கக்கித் தீர்த்தாள். டாக்டரம்மாவின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக இறங்கி மூக்கில் விழுந்தது.

"ஒரே வருஷத்துல முப்பத்தஞ்சு கிலோ குறைச்சாங்கன்னு உங்கள நான் நாலு பேஷன்ட்டுக்கு உதாரணம் காட்டிட்டேன்மா!"

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"அதுல ரெண்டு பேரு உங்களப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க!"

இளையவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவள் அவள் தொடையைக் கிள்ளிவிட்டு, தன்னை முந்தின நாளிலிருந்து அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"சர்க்கரையாலதான் இவளுக்கு இப்படி ஆச்சா டாக்டர்?"

"இன்னும் எதுவும் உறுதியாகல. அப்படியே இருந்தாலும், ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு கையக் காட்டிச் சொல்ல முடியாது. சர்க்கரை இருக்கற பொம்பளைங்களுக்கு, அதுலயும் மாதவிடாய் நின்னவங்களுக்கு, இந்த வாய்ப்பு மத்தவங்கள விடக் கொஞ்சம் கூட. ரத்தத்துல இன்சுலின் ரொம்ப நாளைக்கு அதிகமா ஓடினா, 'வளரு, வளரு'ன்னு செல்லுக்கெல்லாம் அது சொல்லிக்கிட்டே இருக்கலாம்னு நினைக்கறாங்க. எடை கூடறதும் ஒரு காரணம். அதுக்காகச் சர்க்கரை இருக்கற எல்லாருக்கும் வந்துடாது. இல்லாதவங்களுக்கு வராதுன்னும் கிடையாது."

"எனக்குச் சர்க்கரை இருக்கறதே எனக்குத் தெரியாதே டாக்டர்" என்றாள் இளையவள்.

"அதத்தான் நானும் யோசிக்கறேன். இவங்க பேர்ல நீங்க வரலைன்னா உங்கள அந்த மார்புப் படம் எடுக்கற ரூமுக்கு யாரும் அனுப்பியிருக்க மாட்டாங்க." டாக்டரம்மா மூத்தவள் பக்கம் திரும்பினார். "உங்களப் பாராட்டறதா திட்டறதான்னு தெரியலம்மா. சரி, திட்டிடறேன்."

பத்து நிமிஷம் திட்டினார். மாத்திரையில் தொடங்கி, பிஸ்கட்டில் ஊன்றி, ஆள்மாறாட்டத்தில் ஏறி, மறுபடி பிஸ்கட்டுக்கே வந்தார். கடைசியில் அவர் கேட்டார்:

"இதெல்லாம் சரி. ஒன்பது வருஷமா சர்க்கரை இருக்கற நீங்க அந்த ரூமுக்கு எப்ப போகப் போறீங்க?"

மூத்தவள் அன்றே போனாள். ஆயுசெல்லாம் இரும்புக் கைகளை ஏவியவளை அன்று வேறொரு மெஷின் பிடித்தது. "மெதுவாடா ராசா, இடிச்சிடாத, அப்படியே நில்லு" என்று பழக்க தோஷத்தில் அதோடு பேசினாள். படம் எடுக்கிற பெண் சிரித்த சிரிப்பில் இரண்டு முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவள் படத்தில் ஒன்றும் இல்லை.

இளையவளுக்கு ஊசியால் தசை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். பட்டாணி அளவுகூட இல்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் சர்க்கரை இந்த உயரத்தில் இருந்தால் காயம் ஆறாது, கிருமி ஏறிக்கொள்ளும். அதனால் மருந்து கொடுத்து மூன்று வாரத்தில் சர்க்கரையைக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள்.

மூத்தவள் முதல் வேலையாக மேலாளரிடம் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"வேலைய விட்டுத் தூக்கணும் உங்கள."

"தூக்குங்க சார்."

"உங்களத் தூக்கிட்டு பெட்டி அடுக்குக்கு நடுவுல அந்த நாலாவது சந்துல வண்டிய யாரு விடறது? ஆறு மாசம் லேபிள் மேஜை. அப்புறம் உங்க சொந்த ரத்தத்தோட வாங்க, பாக்கலாம்."

அவள் தலையாட்டினாள். கருவிப் பெட்டியைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பசை மேஸ்திரி கையில் கொடுத்தாள். "மெல்ல முடியாதும்மா, என் கடைவாய்ப் பல்லு…" என்று அவர் தொடங்கினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதையை முழுசாகக் கேட்டாள்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் மூத்தவள் ராஜ்யம்தான். காலையில் இரண்டு பேரும் நடை. தரை அதிர ஒருத்தி, பின்னால் ஓட்டமும் நடையுமாக ஈர்க்குச்சி. சர்க்கரை இல்லாத தேநீரைக் குடிக்கும்போது இரண்டு பேர் முகமும் ஒரே கோணலில் போகும். தினமும் விடிந்ததும் மெஷின் வெளியே வரும். எண் கூடினவள் குளியலறை கழுவ வேண்டும் என்று பந்தயம். முதல் வாரம் முழுக்க இளையவள்தான் கூட. இருந்தாலும் ஒரு நாளாவது அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாளா மூத்தவள்? "எனக்குத்தான் கூட, நீ சரியாப் பாக்கல" என்று அடாவடியாகப் பிடுங்கிக்கொண்டு போய் அவளே தேய்த்தாள். மூன்றாவது வாரக் கடைசியில் இளையவளுக்கு நூற்றிருபத்தாறு. டாக்டரம்மா தேதி கொடுத்தார்.

அறுவை சிகிச்சை அன்று காலை, நீளமான நடைகூடத்தில், சக்கரக் கட்டிலில் படுத்திருந்தாள் இளையவள். பச்சை அங்கி அவளுக்கு மூன்று சுற்று பெரியதாக இருந்தது. மூத்தவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் தாளைப் பார்த்து இளையவள் பேரைச் சொல்லி, "யாரும்மா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்று மூத்தவள் எழுந்து நின்றாள்.

நர்ஸ் அவளைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவளின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். மறுபடி எண்பத்தொரு கிலோவைப் பார்த்தாள்.

"நான்தான்மா. என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மூத்தவள். முகம் கோணிக்கொண்டு வந்தது. "அவ எனக்காக ஏற்கெனவே ஒரு தடவ போயிட்டா. இது என் முறை."

இளையவள் சிரித்தாள். சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது, கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"போதும்க்கா. இந்தத் தடவ என் பேர்ல நானே போயிக்கறேன். நீங்க வீட்டுக்குப் போயி பாத்ரூமக் கழுவி வைங்க. வந்ததும் முதல்ல எனக்குத்தான். ஒரு வருஷம்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"ஆயுசுக்கும் உனக்குத்தான்டி" என்று மூத்தவள் கத்தினாள். அந்த ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் அது கேட்டிருக்கும்.

கட்டில் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. மூத்தவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் தட்டவில்லை.